ஃபர்ஸ்ட் பார்ட்டி எல்லாவற்றையும் காப்பாற்றாது

"நம்ம வண்டிக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கு, எது நடந்தாலும் காசு வந்துடும்." கேமரன் மலையின் ரிங்லெட்டில் தோட்டத் தொழிலாளி முதல் காய்கறி லாரி முதலாளி வரை பலரும் நம்புவது இதைத்தான். இது தவறு. இங்குள்ள அணைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு ஆபத்தான தவறு.

2013 அக்டோபர் 23 விடியும் முன்னே, கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. அணைக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குள் வெள்ளம் சேற்றோடு புகுந்தது. உயிர்கள் போயின. வீடுகள் சிதைந்தன, வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தை, காய்கறி பயிரிட வெட்டிய மலைச்சரிவுகளின் மண் ஆண்டுக்காண்டு தூர்த்து வருகிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் கிடக்கிறது.

இப்படியொரு வெள்ளம் மறுபடி வந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? ஃபர்ஸ்ட் பார்ட்டி என்று நாம் சொல்லும், மலேசியாவின் வழக்கமான முழுக்காப்பு வாகனப் பாலிசி மோதலுக்கும் தீக்கும் திருட்டுக்கும் பொறுப்பேற்கும். வெள்ளமும் நிலச்சரிவும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. கேமரன் மலையில் எவற்றுக்கு அதிகம் பயப்படுகிறோமோ, அவையேதான்! அவற்றுக்கு 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் காப்பைத் தனியே வாங்க வேண்டும். கட்டணம் பொதுவாகக் காப்பீட்டுத் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு. 40,000 ரிங்கிட் வண்டிக்கு 80 முதல் 200 ரிங்கிட்தான்.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான்" என்று மக்களைக் குறை சொல்வது எளிது. நான் அதை ஏற்கவில்லை. ரோட் டேக்ஸ் முடியப்போகும் அவசரத்தில் வருபவரிடம் விலையை மட்டும் சொல்லி அனுப்பும் ஏஜெண்டுக்கும், தோட்டத்து மனிதர் படிக்க முடியாத மொழியில் விலக்குகளை அச்சிடும் நிறுவனத்துக்கும் பொறுப்பில்லையா? 2021 டிசம்பர் வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று அரசுப் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டது. அதன் பிறகும் வெள்ளக் காப்பு விருப்பத் தேர்வாக இருப்பது அநியாயம். அதைப் பாலிசியிலேயே சேர்க்க வேண்டும். வேண்டாம் என்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கட்டும்.

காப்பு எடுத்தவர்களும் சும்மா இருந்துவிட முடியாது. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், எஞ்சின் உடைந்தால் அந்தச் சேதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். நீர்மட்டம் தெரியும்படி படமெடுத்து உடனே தகவல் கொடுங்கள். நிறுவனம் இழப்பீடு தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன் வெள்ளக் காப்பு இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.