முதுகைப் பார்க்கும் முன் முகத்தைப் படியுங்கள்

நிலவுத் தரையின் பழைய அச்சுப்படம் ஒன்று காப்பகத்துக்கு வந்தால் நம்மில் பலர் உடனே அதைத் திருப்பிப் பார்க்கிறோம். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘அப்பல்லோ’ என்று எழுதியிருந்தால் பட்டியலிலும் அதுவே ஏறிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். குறிப்பு எழுதியவர் படமெடுத்தவர் அல்லர்.

படத்தில் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடினால் முதலில் லூனார் ஆர்பிட்டரை நினையுங்கள். 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிய அந்த ஐந்து கலங்களும் 70 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்து, கலத்துக்குள்ளேயே அதைக் கழுவி, குறுகிய பட்டைகளாக ஸ்கேன் செய்து வானொலி அலையில் அனுப்பின. பூமியில் அவற்றை 35 மி.மீ. ஃபிலிமில் பதித்து, பக்கம் பக்கமாக வைத்து முழுப் படமாக்கினார்கள். அந்தப் பட்டைகள் சேரும் இடம்தான் நாம் பார்க்கும் கோடு. அழுக்கென்று நினைத்து அதைக் கணினியில் துடைப்பவர்கள் படத்தின் பிறப்புச் சான்றையே அழிக்கிறார்கள். இதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

கூட்டல் குறிகளில் இன்னும் கவனம் தேவை. அப்பல்லோ 11 வீரர்கள் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவில், ஃபிலிமை ஒட்டிய கண்ணாடித் தகட்டில் 10 மி.மீ. இடைவெளியில் வரிசைக்கு ஐந்தாக 25 குறிகள் இருந்தன. ஆனால் 1964, 1965இல் நிலவில் மோதும்வரை படம் அனுப்பிய ரேஞ்சர் கலங்களின் தொலைக்காட்சிப் படங்களிலும் குறிகள் உண்டு. அப்பல்லோ தாய்க்கலத்திலிருந்து எடுத்த பல படங்களிலோ அவை இல்லை. குறி மட்டும் போதாது. ஏஎஸ்11-40-5903 போன்ற எண் கிடைத்தால்தான் பயணம், ஃபிலிம் பெட்டி, படச்சட்டம் மூன்றும் உறுதியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படமென்றால் வேறொரு கண்ணி காத்திருக்கிறது. நாஸ்மித்தும் கார்பென்டரும் 1874இல் வெளியிட்ட நிலவு நூலில், மலைகளும் பள்ளங்களும் வியக்கும்படி துல்லியமாகத் தெரியும் படங்கள் தொலைநோக்கி வழியே எடுத்தவை அல்ல. தொலைநோக்கியில் பார்த்து வரைந்து, பிளாஸ்டரில் மாதிரி செய்து, வெயிலில் வைத்துப் படமெடுத்தார்கள். அந்நூலிலிருந்து பிரிந்த தாள் ஒன்றை நிலவின் நேரடிப் படமென்று பதிவது எளிது. அந்தக் காலத் தொலைநோக்கி ஒளிப்படத்தில் இவ்வளவு நுணுக்கம் விழாது என்று தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இனி இவ்விதழுக்கு வரும் பட்டியல் குறிப்புகளில் எதைப் படமெடுத்தார்கள், எந்தக் கருவியால், கையிலுள்ள அச்சு எப்படி உருவானது என்பவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் படத்தில் கண்ட சான்றையும் சேருங்கள். பின்பக்கக் குறிப்பை அப்படியே படியெடுத்து, அது குறிப்பு மட்டுமே என்று பதியுங்கள்.