வண்டிக்கு அடியில் ஒரு தொட்டி

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து சொந்த ஊர் புறப்படும் நம் குடும்பத்தார், எர்ணாகுளம் சந்திப்பில் பெட்டி படுக்கைகளை எண்ணுவர். இருக்கை எண்ணைச் சரிபார்ப்பர். இரயில் பெட்டியின் அடியில் தொங்கும் எஃகுத் தொட்டியை நோக்குவார் இலர். இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

முன்னாளில் இரயில் கழிவறையின் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்தது. நிலையங்கள் நாறின, இருப்புப்பாதை துருவேறியது. அனைத்தினும் கொடிது, அதனை மனிதர் அகற்ற நேர்ந்தமை. இதனை மாற்ற இரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உயிரிக் கழிவறையை உருவாக்கின. 2011-இல் பந்தேல்கண்ட் விரைவு வண்டியில் அது முதலில் அமைந்தது. 2016-இல் மானாமதுரை–இராமேசுவரம் 114 கிலோமீட்டர் பாதை, வண்டிக் கழிவு விழாத நாட்டின் முதற்பாதையாக அறிவிக்கப்பட்டது. இன்று இத்தகைய கழிவறைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

மேனாடுகளில் வீடு போன்ற உல்லாச வண்டிகளில் செல்வோர், கழிவைத் தொட்டியில் சேர்த்துவைத்து உரிய இடத்தில் வடித்துவிடுவர். நம் இரயில் தொட்டியோ செரிக்கவும் செய்கிறது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவை நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. எஞ்சிய நீர் குளோரின் பட்டு வெளியேறுகிறது.

ஆயினும் அவ்வுயிர்கள் பிளாஸ்டிக் புட்டியையும் தேநீர்க் குவளையையும் துணியையும் தின்னா. 2016-17-இல் சுமார் 25,000 கழிவறைகளில் ஏறத்தாழ 2 லட்சம் குறைகள் நேர்ந்தன என்றும், அவற்றுள் பாதிக்குமேல் அடைப்பே என்றும் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை கூறிற்று.

அடைத்தால் என் செய்வர்? பணிமனையில் தொழிலாளி ஒருவர் வண்டியின் அடியில் நின்று அடைப்பை எடுப்பார். அதனாலும் சீர்ப்படாவிடில் திருகாணிகளைக் கழற்றி, நிறைந்த தொட்டியை இறக்கி, வேறொன்றை மாட்டி, மீண்டும் நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றுவர். எம்மனிதரைக் கழிவினின்று மீட்கத் தொட்டி வந்ததோ, அவரையே நம் அலட்சியம் மறுபடியும் அதில் கைவைக்கச் செய்கிறது.

ஆகவே அன்பர்களே, குழந்தையின் அழுக்குத் துணியையும் காலிப் புட்டியையும் குப்பைக்கூடையில் இடுங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள். கழிவறையில் எறிந்தது கண்ணுக்கு மறையும். ஆயின் அதை எடுக்க ஒரு கை வேண்டும். அக்கைக்கு உரியவரும் நம்மைப்போல் குடும்பம் உடையவரே.