மலையும் காபுரேற்றரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நுவரெலியாவுக்கே உரிய தூறல் விட்டபாடில்லை. உயர்தர வகுப்பில் தொழினுட்பம் பயிலும் அயல்வீட்டு மாணவன் ஒருவன், பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை மழையில் நனையாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, தாத்தாவின் மோட்டார் சைக்கிள் காபுரேற்றரைக் கழற்றிவிட்டேன். சுத்தம் செய்தால் வண்டி ஓடுந்தானே?" என்று கேட்டான்.

தகரத்தைத் திறந்தேன். பச்சைக் களிம்பேறிய பித்தளைத் துண்டுகள், சாம்பல் நிறமான ஓர் உலோகக் கூடு, மூக்கைத் துளைக்கும் பழம் பெற்றோல் வாடை. இவற்றோடு மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றும் கிடந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது.

"இந்தக் கம்பியால் எதையாவது குத்தினாயா?"

"இல்லை மாமா. இனிமேல்தான்."

"நல்லவேளை! உள்ளே வா" என்றேன்.

அக்கம்பியைக் கண்டு நான் ஏன் அஞ்சினேன் என்பதைச் சொல்ல வேண்டுமாயின், இவனுடைய தாத்தாவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் தேயிலை ஆலையொன்றில் பிட்டராக வேலை பார்த்தவர். 1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைக்காரத் துரைமார் பலர் தம் தட்டுமுட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். அப்படி ஒரு சின்னத்துரை விட்டுச்சென்ற பீ.எஸ்.ஏ. எம் 20 வண்டியைப் பிட்டர் ஐயா வாங்கினார். 496 சீ.சீ. கொண்ட அந்த வண்டியை நேயர்களுள் முதியோர் அறிந்திருப்பர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் படைக்கென ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. வேகம் போதாது, எனினும் சேற்றிலும் செங்குத்திலும் சளைக்காமல் ஏறும்.

அடுத்த ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. விடுமுறை நாட்களில் பிட்டர் ஐயாவின் முற்றத்தில்தான் பொழுது போக்குவேன். ஒருநாள் காபுரேற்றரைப் பிரித்து, அதன் பிரதான ஜெட்டை என் கையில் தந்து, "மண்ணெண்ணெயில் கழுவி வை, தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜெட் என்பது நடுவே நுண்ணிய துவாரமுள்ள ஒரு சிறு பித்தளைத் திருகாணி. துவாரத்தில் அழுக்கு இருந்தது. அவர் மெச்சவேண்டும் என்ற ஆசையில் அம்மாவின் தையல் ஊசியை எடுத்து வந்து நன்றாகக் குடைந்தேன். அழுக்கும் போயிற்று, துவாரமும் பளபளத்தது.

அவர் வந்தார், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. "தம்பி, இது ஓட்டையில்லை; அளவு" என்றார்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வேறொரு ஜெட் கொழும்பிலிருந்து வந்துசேர ஆறு வாரங்களாயின. அந்த ஆறு வாரமும் பிட்டர் ஐயா விடியற்காலைப் பனியில் ஆலைக்கு நடந்தே போனார். எங்கள் வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். அவருடைய காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

அவர் 'அளவு' என்று சொன்னதன் பொருளைப் பின்னாளிற் புரிந்துகொண்டேன். 1927இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான அமால் என்னும் பேர்மிங்காம் கம்பனியே அக்காலப் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காபுரேற்றர் செய்து கொடுத்தது. அக்கம்பனியின் ஜெட்டில் பொறித்திருக்கும் இலக்கம், நிமிடமொன்றுக்கு அத்துவாரத்தின் வழியே எத்தனை கன சென்ரிமீற்றர் திரவம் பாயும் என்பதைக் காட்டுவது. 170 இலக்க ஜெட்டுக்கும் 160 இலக்க ஜெட்டுக்கும் துவாரத்தின் குறுக்களவிலுள்ள வித்தியாசம் தலைமயிரின் பருமனைக் காட்டிலும் குறைவு. தையல் ஊசி அதற்குள் புகுந்து வெளியே வந்தால் அளவு என்னாகும்? பித்தளை மெதுவான உலோகம். சுரண்டியதைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது.

ஆகையால் கம்பியை அப்புறம் எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். இவ்வண்டி முடங்கியது 2022ஆம் ஆண்டில். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று விதித்ததையும் யார் மறந்திருப்பார்? தாத்தா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். வீட்டிலிருந்த சிறிய வண்டிக்கே பெற்றோல் போதாதபடியால் பீ.எஸ்.ஏ.யை மூலையில் நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடிவிட்டனர். உள்ளே எஞ்சியிருந்த பெற்றோலில் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் அரக்குப் போல் இறுகி எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டது.

இந்த அரக்கைக் கரைப்பதற்குப் பொறுமையே முதல் மருந்து. பாகங்களைக் கழற்றும்போதே ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் கடதாசியில் வரைந்துகொள்ளல் நன்று. பையன் கைத்தொலைபேசியிற் படம் பிடித்திருந்தான், அதுவும் சரியே. ஓர் இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். எங்கள் ஊர்க் குளிருக்கு அடுப்பங்கரையே இதமான இடம். ஆயினும் பெற்றோலும் மண்ணெண்ணெயும் புழங்கும் இவ்வேலையை அதன் பக்கத்திலும் கொண்டுபோகலாகாது. மறுநாள் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷினால் தேய்த்துக் கழுவி, சைக்கிள் பம்பினால் ஒவ்வொரு வழியிலும் காற்றடித்தோம். அடைப்பு மிஞ்சிய இடத்தில் அந்தப் பிரஷ்ஷின் நைலோன் இழையொன்றை விட்டு அசைத்தோம். நைலோன் பித்தளையைச் சுரண்டாது.

பையனின் பாட்டியார், "குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கினால் என்ன?" என்று கேட்டனுப்பினார். பித்தளைப் பாகத்துக்கு அது கெடுதியில்லை. ஆனால் காபுரேற்றரின் கூடு துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்க்கப்பட்டது. புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும். கோஸ்டிக் சோடாவும் அவ்வாறே.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே சளசளவென்று ஓசை; எங்கோ நுண்ணிய வெடிப்பு உண்டு. வெந்நீரில் அமிழ்த்தியபோது குமிழி வந்த இடம் தெரிந்தது. உள்ளிருக்கும் பெற்றோல் முற்றாக வெளியேறும்முன் அதில் நெருப்புக் காட்டினால் வெடித்துவிடும்; ஆதலால் பலமுறை வெந்நீரில் இட்டு, வாடை அறவே நீங்கிய பின்னரே ஈயம் பற்றவைத்தோம், அதுவும் கடுகளவு. ஈயம் கூடினால் மிதவையின் பாரம் கூடும். பாரம் கூடினால் பெற்றோலின் மட்டம் உயர்ந்து வழியத் தொடங்கும். மிதவை ஊசியின் கூம்பில் தேய்மான வளையம் விழுந்திருந்தது. அதற்குப் புதிது ஒன்றே பரிகாரம். அமால் பெயரிலான உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. எஞ்சினோடு பொருந்தும் முகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த எமரித்தாளில் தேய்த்துச் சமப்படுத்தினோம். யாரோ ஒருவர் முன்னொரு காலத்தில் நட்டை அளவுக்கு மீறி முடுக்கியதால் அது வளைந்திருந்தது.

இனி இலக்கத்தின் கதைக்கு வருகிறேன். கழுவிய ஜெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பையன், "மாமா, இதில் 160 என்றல்லவா இருக்கிறது! கைநூலில் 170 என்று போட்டிருக்கிறார்கள். தாத்தா பிழையானதைப் போட்டுவிட்டார். நான் சரியானதை வரவழைத்து வைத்திருக்கிறேன்" என்றான்.

நான் மறுத்துப் பேசவில்லை. "சரி, நீ கொண்டுவந்ததையே போடு" என்றேன். ஐந்தாறு உதைக்கு எஞ்சின் உயிர்பெற்றது. பாட்டியார் வாசலுக்கே வந்துவிட்டார். ஆனால் மேட்டில் ஏறும்போது வண்டி திக்கித் திணறிற்று, பின்னால் கரும்புகை. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. பெற்றோல் மிகுதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தாத்தாவின் 160ஐ மாட்டினோம். புகை அடங்கியது, வண்டியும் ஒரே சீராக ஏறியது.

"ஏன் மாமா?" என்றான் பையன்.

எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோல் எரிவதற்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது காபுரேற்றரின் ஒடுங்கிய தொண்டையில் காற்று விரைந்தோடுகிறது. அவ்விடத்தில் அமுக்கம் குறைகிறது. ஜெட்டின் வழியே பெற்றோல் மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. காற்றமுக்கம் இங்கே கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் காற்றின் எடை கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெற்றோலோ அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே கலவை தடிக்கிறது. மூவாயிரம் அடிக்கு மேல் வழக்கமாக ஓடும் வண்டிக்கு ஜெட்டின் இலக்கத்தை நூற்றுக்கு ஐந்து குறைக்குமாறு அக்காலப் பிரித்தானியக் கைநூல்களே சொல்லியிருக்கின்றன. 170இல் ஐந்து வீதம் எட்டரை. கிடைக்கும் இலக்கங்களில் அண்மையது 160. பையனுடைய கைநூலிலும் அவ்வரி இருந்திருக்கக்கூடும்; அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தென்படாது.

ஒன்று மட்டும் எந்த ஜெட்டாலும் ஆகாது. மலை எடுத்துக்கொண்ட காற்றை அது திருப்பித் தராது. ஆதலால் குறைந்த பலம் குறைந்ததுதான். பெற்றோல் வீணாவதையே அது தடுக்கும். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நடக்கும்போது கொழும்பிலிருந்து வரும் இளைஞர் சிலர் தம் பழைய வண்டிகள் இங்கே மந்தமாகிவிட்டதைக் கண்டு, "இவ்வூர்ப் பெற்றோல் சரியில்லை" என்று குறைகூறுவதைக் கேட்டிருக்கிறேன். பெற்றோல் பாவம், என்ன செய்யும்!

பையன் சற்று நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, தான் வரவழைத்த 170ஐக் கையில் எடுத்து, "அப்படியானால் இது வீண்தானே மாமா?" என்றான்.

வீணில்லை. பரீட்சை முடிந்ததும் இவ்வண்டியில் கொழும்புக்குப் போவது அவன் எண்ணம். மலைக்கென்று குறைத்த ஜெட்டோடு சமவெளி வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும், வால்வு கருகும். ஹற்றன் பாதையில் இறங்கிக் கினிகத்தேனையைக் கடந்ததும் ஏதாவது மர நிழலில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை ஒரு தேநீர் குடித்துவிட்டு 170ஐ மாட்டிக்கொள்ளும்படி சொன்னேன். திரும்பும்போது அதே இடத்தில் 160. அடியிலுள்ள பெரிய போல்டைத் தளர்த்தினால் மிதவை அறை கீழே வந்துவிடும். ஜெட் அதற்கு மேலே கைக்கெட்டும். ஒரு ஸ்பனரும் ஒரு திருப்புளியும் போதும். பைபர் வாஷர் இரண்டை உபரியாக எடுத்துச் செல்லவேண்டும், பழையது இரண்டாம் முறை கசியும்.

170ஐ ஒரு துணித்துண்டில் சுற்றி, பெயரெழுதி, அதே பிஸ்கட் தகரத்தில் வைத்துக்கொண்டு போனான்.