வலி தணிக்கும் தாதியர்

நோய்தணிப்புப் பராமரிப்பு மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதன்று. புற்றுநோய் போன்ற கடும் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே சிகிச்சையோடு சேர்ந்து நடக்க வேண்டியது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. கல்முனை வைத்தியசாலைகளிலும் நோயாளியின் அருகில் இரவுபகலாக நிற்பவர்கள் தாதியரே. வலி தணிக்கும் மோபின் மருந்தைத் தந்தால் நோயாளி அதற்கு அடிமையாவார், மூச்சடங்கும் என்ற அச்சம் பல நாடுகளின் தாதியரிடம் உண்டு. வலிக்கேற்ப அளவறிந்து, கண்காணிப்போடு கொடுக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. அச்சத்தால் மருந்தைத் தாமதிப்பதே பெருங்கொடுமை.

மருந்தறிவு மட்டும் போதாது. “வாப்பாவிடம் நோயைச் சொல்லாதீங்க” என்று கெஞ்சும் பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசவும், உயிர் பிரியும் சக்கராத்து நேரத்தில் உறவினர் கலிமா சொல்லிக்கொடுக்க வார்டில் இடம்விடவும் தாதியருக்குப் பயிற்சி வேண்டும். சுகாதார அமைச்சு அதைப் பணிநேரத்திலேயே வழங்க வேண்டும்.