சிறைக்குள் எழுத்தறிவு: விசாரணைக் கைதிகளை எட்டுமா பாடம்?

புதுடெல்லி: குற்றப்பத்திரிகையைப் படிக்க இயலாமல், வக்காலத்துப் படிவத்தில் கைரேகை மட்டும் வைக்கும் கைதிக்குத் தன் வழக்கின் நிலை பிறர் சொல்லித்தான் தெரியவரும். சிறையில் எழுத்தறிவு என்பது மறுவாழ்வு தொடர்பானது மட்டுமன்று. நீதி பெறும் உரிமை தொடர்பானதும் ஆகும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 4,78,600 பேரில் 1,32,729 பேர், அதாவது 27.7 சதவீதத்தினர், எழுத்தறிவு இல்லாதவர்கள். மேலும் 41.6 சதவீதத்தினர் 10ஆம் வகுப்பை எட்டாதவர்கள்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. டெல்லி திகார் சிறையில், படித்த கைதிகளே படிக்காதவர்களுக்குக் கற்பிக்கும் ‘படோ அவுர் படாவோ’ திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வி மையமும் அங்கு உள்ளது. சில மாநிலங்களில், தேர்வில் வெற்றி பெறும் கைதிகளுக்குத் தண்டனைக் குறைப்புச் சலுகையும் வழங்கப்படுகிறது.

சிக்கல் எங்கே?

தண்டனைக் குறைப்பு, தண்டனை பெற்றவருக்கே பொருந்தும். ஆனால் 2022 இறுதியில் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதத்தினர், விசாரணைக் கைதிகள். இவர்களுக்கு எந்நாளும் ஜாமீன் கிடைக்கலாம். வேறு சிறைக்கு மாற்றமும் நேரலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் பாடத்திட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.

இவர்களுக்கே எழுத்தறிவு உடனடித் தேவை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவின்படி, முதன்முறையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்திற்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீன் கோரத் தகுதி பெறுகிறார். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகளை எதிர்கொள்பவர்களுக்கும் இது பொருந்தாது. உரிய காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்பிரிவு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும், தன் மீதான பிரிவையும் சிறை சென்ற தேதியையும் தானே படித்தறியும் கைதியால்தான், விண்ணப்பம் தாமதமானால் கேள்வி எழுப்ப முடியும்.

தீர்வு என்ன?

15 வயதைக் கடந்தோருக்கான மத்திய அரசின் ‘உல்லாஸ்’ திட்டம் (2022-27) இதற்கு வழிகாட்டக்கூடும். வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேர்வு நடத்தி அது சான்றிதழ் வழங்குகிறது. சிறையில் தொடங்கிய படிப்பை விடுதலைக்குப் பின் சொந்த ஊரில் தொடர வழி செய்வதும், ஜாமீன் உத்தரவு, நீதிமன்ற அழைப்பாணை போன்ற ஆவணங்களையே பாடமாக்குவதும் அடுத்த படியாக அமையலாம். பாடம் முடியும் வரை கைதி சிறையில் இருப்பார் என்ற எண்ணத்தில் வகுக்கப்படும் திட்டம், பெரும்பான்மைக் கைதிகளுக்குப் பயன்படாது.