கொறங்காட்டை அழிக்க வேண்டாம்

காங்கயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் கொறங்காடுகளை வெறும் தரிசு என்று எண்ணி, உழுது வெள்ளாமை வைப்பதும் மனையாக விற்பதும் பெருகி வருகிறது. இது சிறு விவசாயிகளுக்கு நல்லதல்ல என்பது நம் கருத்து.

கொறங்காடு என்பது தானாக முளைத்த புதர்க்காடு அன்று. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி ஆகிய மூன்றையும் சேர்த்து நம் முன்னோர்கள் உருவாக்கிய மேய்ச்சல் நிலம். காங்கயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இதை நம்பியே வளர்ந்தன.

வெள்வேலின் இலைகள் சிறியவை. அதனால் அடியிலுள்ள புல்லுக்கு வெயில் தடைபடுவதில்லை. கோடையில் புல் காய்ந்துவிடும்போது, மரத்திலிருந்து உதிரும் நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகின்றன. கிளுவை வேலி இருப்பதால் மேய்ப்பதற்கு ஆள் கூலியும் குறைகிறது. மழை பொய்த்தால் சோளம் கருகிவிடும். விதை, உழவுக் கூலி எல்லாம் நட்டம். கொழுக்கட்டைப் புல்லோ காய்ந்தாலும் வேர் சாகாது. அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்.

"ஏக்கருக்கு என்ன வருமானம்?" என்று கேட்கலாம். மனை விற்ற பணம் ஒருமுறைதான் வரும். கொறங்காடு ஆண்டுதோறும் குட்டி, கன்று, பால், எரு என்று தரும். பஞ்ச காலத்தில் வைக்கோல் வாங்கும் செலவையும் குறைக்கும்.

ஆனால், இருக்கும் கொறங்காட்டையும் ஒழுங்காகப் பேண வேண்டும். அளவுக்கு மீறி ஆடுமாடுகளை விட்டால் புல் அழிந்து முள்ளும் களையுமே மிஞ்சும். ஆகவே நிலத்தைப் பாகங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கவும். மழைக்குப் பின் புல் விதை பிடித்து உதிரும் வரை ஒரு பாகத்தையாவது அடைத்து வைக்கவும். புல் குறைந்த இடத்தில் பருவமழையின்போது ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டை விதை தூவலாம். புதிய விதை சரியாக முளைக்காது. அறுவடை செய்து 6 முதல் 8 மாதம் ஆன விதையே ஏற்றது. வேலியில் இடைவெளி விழுந்தால் கிளுவைப் போத்துகளை ஊன்றவும். வயதான வெள்வேல மரத்தை வெட்டுவதற்கு முன்பே இளங்கன்றுகளைக் காத்து வளர்க்க வேண்டும்.

இரண்டு, மூன்று ஏக்கர் மட்டுமே உள்ளவர்கள் அண்ணன் தம்பிகளுடனோ பக்கத்துக் காட்டுக்காரருடனோ பேசி, முறை வைத்து மேய்க்கலாம்.

உழுதுவிட்ட கொறங்காட்டை மீண்டும் உண்டாக்க மரம் வளரும் காலம் வரை காத்திருக்க வேண்டும். விவசாயப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது நலம்.