டிரிப் கணக்கில் தேயும் நம்மவர் உழைப்பு!

கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டுமானம் சூடுபிடித்துவிட்டால் கான்கிரீட் ஆலைகளில் விளக்கு அணைவதே இல்லை. தண்ணீர் சேர்ந்த கலவையைச் சுமார் 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். அந்த அவசரமெல்லாம் யார் தலையில்? லோரி ஓட்டும் நம்மவர் தலையில்!

கூலியோ டிரிப் கணக்கு. நெரிசலில் நின்றாலும், கட்டுமானத் தளத்தில் காத்துக் கிடந்தாலும் சல்லிக்காசு கிடையாது. கேட்டால், "நீ தொழிலாளி இல்லை, குத்தகையாளன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அப்புறம் இபிஎப் ஏது, சொக்சோ ஏது?

தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள்தாம் இவர்களில் பலர். பாட்டன் பால் மரம் சீவிய மண்ணில் பேரன் கான்கிரீட் கொட்டுகிறான்!

1955 வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஓவர்டைம் மாதம் 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் 101சி பிரிவும் இருக்கிறது: எழுத்துபூர்வ வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தை முதலாளி தீர்மானித்தால், லோரியும் அவருடையதென்றால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை ஓட்டுநர் தொழிலாளியே!

டிரிப் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். புறப்பட்ட நேரம், காத்திருந்த நேரம், திரும்பிய நேரம் அனைத்தையும் எழுதி வையுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை.